நொட்டாங்கைக்காரியின் ஹொக்கித் தடி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதியில் நடந்தது இது. அப்போது நான் கண்டியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் வேலை. வரிசை வீடுகளான லயங்களில் இருந்த மக்கள் அவரை ‘மருந்தையா’ என்பார்கள். என்னை ‘மருந்தையா மக’ என்பார்கள். காலையில் மலையிறங்கிப் பள்ளிக்கூடம், சாயங்காலம் மலையேறி வீடு. மழை பெய்தால் காலில் அட்டையும் கூடவே வரும்.

வகுப்பில் என்னை யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. நகரத்துப் பிள்ளைகளுக்கு நான் தோட்டத்துப் பிள்ளை. என் பேச்சைக் கேட்டால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரிப்பார்கள். போதாக்குறைக்கு நான் நொட்டாங்கைக்காரி. இடது கையால் எழுதப் போய்ச் சின்ன வகுப்பில் நான் வாங்கிய அடி கொஞ்சமல்ல. அடித்தடித்து எழுத்தை வலது கைக்கு மாற்றிவிட்டார்கள். இன்றைக்கும் என் எழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஆனால் ஓட்டத்தில் என்னை யாராலும் பிடிக்க முடியாது. மலையேறி இறங்கிய கால்கள் இல்லையா? மைதானத்தில் மட்டும்தான் அந்தச் சிரிப்பு நின்றுபோகும். அதனால் பள்ளிக்கூடத்தில் ஹொக்கி தொடங்கியபோது, அந்த அணியில் எனக்கு ஓர் இடம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன்.

விளையாட்டு ஆசிரியை சென்னைப் பக்கத்தில் பயிற்சி எடுத்துவிட்டு வந்தவர். ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கும் ஹொக்கி புதிது. புத்தகத்தைப் படித்துப் படித்துத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் இருந்த தடிகளை ஒரு சாக்கில் கட்டி வைத்திருப்பார்கள். அதில் இரண்டு சாதி உண்டு. சீமையிலிருந்து வந்தவை நீளமானவை. அடியில் வளைந்த மூக்கும் நீளம், மரமும் கனம். வெள்ளைக்கார அம்மாமாரின் உயரத்துக்குச் செய்தவை என்று பார்த்தவுடனேயே தெரியும். நான் அதைப் பிடித்துக் குனிந்தால் பிடியின் நுனி வயிற்றில் குத்தும். மற்றவை வட இந்தியாவிலிருந்து வந்தவை. அவற்றின் தலை முசுக்கட்டை மரம், மூக்கு குட்டை. பிடிக்குள் பிரம்பும் ரப்பரும் வைத்து மேலே நூல் சுற்றியிருப்பார்கள். பந்தை அடித்தால் கை அதிராது. அவற்றுக்குத்தான் போட்டி. முந்திக்கொண்ட நகரத்துப் பிள்ளைகளின் கையில் அவை போய்விடும்.

எனக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. ஹொக்கித் தடியின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம். உருண்டைப் பக்கம் பட்டால் பிழை. “இடது கை மேலே, வலது கை கீழே” என்று மிஸ் பிடித்துக் காட்டுவார். எல்லாருக்கும் அப்படியென்றால் எனக்கு அதற்கு மாறாகத்தான் இருக்க வேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டேன். மிஸ்ஸும் அப்படியே நினைத்தார். டென்னிஸில் இடது கையால் ஆடுகிறவர்கள் இல்லையா? ஆனால் கையை மாற்றிப் பிடித்தால் பந்துக்கு நேரே வருவது உருண்டைப் பக்கம். நான் அடிக்க அடிக்க மிஸ் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். கடைசியில் சலித்துப்போய், “உன் கைக்கு ஏத்த ஸ்டிக் ஒண்ணை நீயே கொண்டு வாம்மா” என்றார்.

வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பா சிரித்தார். “இவ்வளவுதானா? நம்ம தோட்டத்துல இல்லாத மரமா? பாத்துக்கிருவோம்” என்றார்.

மழைத்தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் நின்ற கொய்யா மரத்தில் இயற்கையாகவே வளைந்திருந்த ஒரு கிளையை அவரே தேடிப் பிடித்தார். நிழலில் காயப்போட்டு, தோட்டத்துத் தச்சரிடம் கொடுத்துச் செதுக்கச் சொன்னார். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வளைந்த கொம்புக்கு இடதும் இல்லை, வலதும் இல்லை. எந்தப் பக்கத்தைச் சீவித் தட்டையாக்குகிறோமோ, அதை வைத்துத்தான் அது யாருடைய தடி என்று முடிவாகிறது. “எம்மவ நொட்டாங்கை. அதுக்குத் தோதா இந்தப் பக்கம் சீவுங்க” என்று அப்பா பக்கத்திலேயே நின்று சொன்னார். நீளத்தை என் இடுப்பெலும்புவரை அளந்து வெட்டினார்கள். எடை பார்க்கத்தான் பெரும்பாடு. மருந்து நிறுக்கும் தராசு அதைத் தாங்காது; கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் இருந்த தராசில் தொங்கவிட்டால் முள் அசையாது. பிறகு கடையில் கொண்டுபோய் நிறுத்து, கூடுதலாக இருந்ததைக் கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சுரண்டிக் குறைத்தார். பிடிக்குச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி அதன்மேல் நூலைச் சுற்றினார். அதைக் கையில் வாங்கியபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் நொட்டாங்கைக்கென்று உலகத்தில் செய்யப்பட்ட முதல் பொருள் அதுதான்.

தடி தயாராகி இரண்டொரு நாளில் முதல் மாட்ச் வந்தது. நகரத்தின் மறுபக்கத்தில் இருந்த இன்னொரு பெண்கள் பள்ளிக்கூடம் எங்கள் மைதானத்துக்கு வந்தது. நடுவராக வந்தவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. ஆட்டம் தொடங்குமுன் எல்லாரையும் வரிசையாக நிறுத்தித் தடிகளைப் பார்த்தார். அவர் கையில் பித்தளை வளையம் ஒன்று இருந்தது. உள்ளளவு இரண்டு அங்குலம். தடி அந்த வளையத்துக்குள் பிடியிலிருந்து தலைவரை நுழைந்து வெளியே வர வேண்டும். வராவிட்டால் அது விதிக்கு மேற்பட்ட தடிமன்.

என் முறை வந்தது. வளையம் வழுக்கிக்கொண்டு போய், வளைவில் கொஞ்சம் தயங்கி, வெளியே வந்துவிட்டது. ‘அப்பாடா’ என்று மூச்சு விட்டேன். அந்த அம்மா தடியைத் திருப்பித் தர நீட்டியவர், நீட்டிய கையை அப்படியே நிறுத்தினார். பெருவிரலால் தட்டைப் பக்கத்தைத் தடவினார். என்னைப் பார்த்தார். பிறகு மிஸ்ஸைக் கூப்பிட்டு மெதுவாக ஏதோ சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். மிஸ்ஸின் முகம் சிவந்துவிட்டது.

ஹொக்கியில் தட்டைப் பக்கம் தடியின் இடப்பக்கத்தில் மட்டும்தான் இருக்க வேண்டுமாம். இடக்கைக்காரருக்கென்று தனித் தடி உலகத்திலேயே கிடையாதாம். இருந்தால் அதனோடு ஆட விடக்கூடாதாம்.

“வெளியே போய் உட்காரு. அடுத்த மாட்ச்சுக்குள்ள எல்லாரையும்போல சரியான ஸ்டிக்ல ஆடப் பழகு. இல்லேன்னா உன் இடத்துக்கு வேற ஆளைப் போடுறதைத் தவிர எனக்கு வழியில்லை” என்றார் மிஸ்.

நான் போய்ப் புல்லில் உட்கார்ந்தேன். கொய்யாத் தடி மடியில் கிடந்தது. எங்கள் பிள்ளைகள் தோற்றுக்கொண்டிருந்தார்கள். அதைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. எழுத்தில் அடித்துத் துரத்திய கையை இங்கேயும் துரத்திவிட்டார்கள் என்ற ஆத்திரம் எனக்கு. அப்பாவிடம் எந்த முகத்தோடு சொல்வது என்ற கவலை அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஆட்டம் முடிந்தது. எதிரணியில் வலப்பக்கத் தடுப்பில் ஆடிய உயரமான ஒரு பெண் என்னிடம் வந்தாள். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. தகப்பனாருக்குக் கடுகண்ணாவையில் ரயில்வே வேலை. தினமும் ரயிலில் வந்து படிக்கிறாள் என்று பிறகு தெரிந்தது. வந்தவள் நேராக, “நீர் இடக்கையோ?” என்று கேட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ‘நீர்’ என்று தொடங்கினால் சண்டைக்கு வருகிறார் என்று அர்த்தம். நானும் எழுந்து நின்று, “ஆமாங்க, அதுக்கு இப்ப என்னாங்க?” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். “கோவிக்காதையும். நான் பகிடி பண்ண வரேல்லை. ஒரு விஷயம் சொல்ல வந்தனான். இந்த விளையாட்டில கீழ இருக்கிற கை சும்மா துணைக்குத்தான். மேல இருக்கிற கைதான் தடியைத் திருப்பிறது. அது எந்தக் கை?”

“இடது கை.”

“ஓம். எங்களுக்கு அந்தக் கையில பெலனில்லை எண்டு நாங்கள் அழுகிறம். உமக்குக் கடவுள் அந்தக் கையைத் தந்திருக்கிறார், நீர் இருந்து அழுகிறீர்!”

எனக்கு உடனே புரியவில்லை. அவள் தன் பையிலிருந்து இன்னொரு தடியை எடுத்தாள். முசுக்கட்டைத் தலை, குட்டை மூக்கு, முப்பத்தைந்து அங்குலம். நான் பள்ளிக்கூடத்துச் சாக்கைப் பார்த்து ஏங்கிய அதே வட இந்தியத் தடி. “இது போன வருஷம் வரைக்கும் நான் பாவிச்சது. நான் வளந்திட்டன், தடி வளரேல்லை. எங்களோட திரும்ப விளையாடும்வரைக்கும் வச்சுப் பழகும்” என்று நீட்டினாள்.

நான் இடது கையை நீட்டினேன். உடனே சுட்டுக்கொண்டவள்போல் அதை இழுத்துக்கொண்டு வலது கையை நீட்டினேன். இடது கையால் எதையும் வாங்கக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுக்காத ஆள் உண்டா? அவள் தடியைக் கொடுக்கவில்லை. “அந்தக் கையாலயே பிடியும். அதுதான் மேல் கை” என்றாள். நான் இடது கையால் பிடித்தேன். பிடித்த கையில் மணிக்கட்டைத் திருப்பச் சொன்னாள். திருப்பினேன். தடி அரைச் சுற்றுச் சுற்றி, மூக்கு கீழே பார்க்க, தட்டைப் பக்கம் மறுபுறம் வந்து நின்றது. “பாத்தீரே? எனக்கு இது ரெண்டு கையாலயும் ஏலாது” என்று சொல்லிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடிவிட்டாள்.

வீட்டில் சொன்னபோது அப்பா கொய்யாத் தடியை வாங்கி, சீவிய பக்கத்தைத் தடவிப் பார்த்தார். “நாந்தான் யாரையும் கேக்காம அவசரப்பட்டுட்டேன் தாயி” என்றார். எனக்கு அது தாங்கவில்லை. “நீங்க செஞ்சதுனாலதாம்பா இந்தத் தடி கெடச்சிச்சு” என்றேன். அது உண்மையும்தான். கொய்யாத் தடியை என்ன செய்தீர்கள் என்று கேட்பீர்கள். காற்றுக் காலத்தில் பின்கதவுக்கு முட்டுக்கொடுக்க அதைப்போல் ஒரு தடி கிடையாது.

அன்றிலிருந்து ஒரே வெறி. பள்ளிக்கூடம் விட்டு வந்தவுடன் மடுவத்து முற்றத்துக்குத் தடியோடு போய்விடுவேன். பந்துக்கு நாரத்தங்காய். அப்பா மேட்டில் நின்றுகொண்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல், ஒவ்வொன்றாக உருட்டிவிடுவார். நான் கீழே நின்று தடுத்து, திருப்பி, அடிக்க வேண்டும். முதலில் பாதிக்கு மேல் கானுக்குள் போயின. மீதி தேயிலைக்குள் போயின. கை தானாகவே பழைய பிடிக்கு மாறும். நான் அதட்டி மாற்றுவேன். கொழுந்துக் கூடையோடு வந்த பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். “என்னாங்க மருந்தையா மக, பாம்பா அடிக்கிறீக?” என்று ஒருத்தி கேட்க, “பாம்பா இருந்தா இந்நேரம் தப்பிச்சுப் போயிருக்கும்” என்று இன்னொருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நிறுத்தவில்லை.

முதல் வாரத்தில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அப்பா தைலம் தேய்த்துக்கொண்டே, “ரெண்டு நாளு விடும்மா” என்றார். விட்டால் என் இடம் போய்விடும். வலித்தால் வலிக்கட்டும் என்று துணியைச் சுற்றிக்கொண்டு போனேன். பிறகு ஒரு நாள், எந்த நாள் என்று தெரியாது, யோசிக்காமலேயே கை தடியைத் திருப்பியது. இடப்பக்கம் விலகிப்போன காய் ஒன்றைத் தடியைக் கவிழ்த்துத் தட்டைப் பக்கத்தாலேயே இழுத்து எடுத்துவிட்டேன். மேட்டிலிருந்து அப்பா ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், லயத்து நாய்களெல்லாம் குரைத்தன.

மிஸ்ஸிடம் போய், “இப்பப் பாருங்க மிஸ்” என்றேன். அவர் பந்தை உருட்டி உருட்டிப் பார்த்தார். கண்ணை அகல விரித்தார். என்னை இடப்பக்க ஓரத்து முன்னணியில் போட்டார். அந்த இடத்தில் ஆடுகிறவளுக்கு எல்லாரையும்விட இடது மணிக்கட்டில்தான் வேலை அதிகம். அதனால் அந்த இடத்துக்கு யாரும் ஆசைப்படுவதில்லை.

இரண்டாவது மாட்ச் போகம்பரை மைதானத்தில் நடந்தது. அதே நடுவர் அம்மா. அதே பித்தளை வளையம். என் தடியைக் கையில் எடுத்ததும் முதலில் தட்டைப் பக்கத்தைத்தான் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுத் தந்தார்.

இடப்பக்க ஓரத்து முன்னணிக்கு எதிரே நிற்பது யார் தெரியுமா? எதிரணியின் வலப்பக்கத் தடுப்பு. தடி தந்தவளேதான். என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். அதோடு சரி. ஆட்டம் தொடங்கிய பிறகு அவள் முகத்தில் சிரிப்பில்லை. நான் பந்தைக் கொண்டுவரும்போதெல்லாம் நீளக் காலை வைத்து வந்து, சத்தமில்லாமல் பந்தைப் பறித்துக்கொண்டு போனாள். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. பாதி ஆட்டம் முழுக்க அதுதான் நடந்தது. தயவு தாட்சண்யம் என்பதே இல்லை. இடைவேளையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் ‘வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமா’ என்ற யோசனை தெரிந்தது. “இன்னும் கொஞ்ச நேரம் விடுங்க மிஸ்” என்று கெஞ்சினேன்.

மழைத் தூறல் விழத் தொடங்கியிருந்தது. ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் ஓரத்தில் எனக்கு ஒரு பந்து கிடைத்தது. ஓடினேன். அவளும் வந்தாள். இவ்வளவு நேரமும் நான் வெளிப்பக்கமாக ஓடித்தான் தப்பப் பார்த்திருந்தேன். இந்தத் தடவையும் அப்படித்தான் காட்டினேன். அவள் அந்தப் பக்கம் சாய்ந்தாள். நான் மணிக்கட்டைத் திருப்பினேன். தடி கவிழ்ந்து, பந்தை உள்ளே இழுத்தது. அவளுடைய இடப்பக்கம் அது. தன்னால் ஏலாது என்று அவளே என்னிடம் சொன்ன பக்கம். அவள் தடியை எட்டி நீட்டியும் பந்து கிடைக்கவில்லை. ஈரப் புல்லில் முழங்கால் ஊன்றி விழுந்தாள்.

எனக்கு முன்னால் கோல் காப்பவள் மட்டும்தான். அடித்தேன். அழகான அடி என்று சொல்ல மாட்டேன். காப்பவளின் காலில் பட்டு, திணறித் திணறிக் கோட்டைத் தாண்டி உருண்டது. ஆனால் கோல் கோல்தானே! எங்கள் பிள்ளைகள் கத்திக்கொண்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள். என் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான். அன்றைக்கு என் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தார்கள், எது எந்தக் கை என்று பார்க்காமல்.

ஆட்டம் முடிந்ததும் தடியைத் துடைத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனேன். அவள் மரத்தடியில் தன் கூட்டத்தோடு நின்றாள். “உன்ர தடியாலயே எங்களை அடிப்பிச்சுப்போட்டாய்” என்று ஒருத்தி அவளிடம் சீறிக்கொண்டிருந்தாள். கிட்டப் போனபோதுதான் பார்த்தேன். முழங்காலில் சேறு, கண்களில் நீர். எனக்குச் சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. “மன்னிச்சுக்கங்க” என்று தடியை நீட்டினேன்.

அவள் அதை வாங்கி, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கேயாவது வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவினாள். பிறகு, “உமக்கு அடுத்த மாட்ச்சுக்கும் தடி வேணும்தானே?” என்று கேட்டாள்.

“வேணும்.”

“அப்ப வச்சிரும்” என்று திருப்பித் தந்தாள். நான் தயங்கி நின்றேன். அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னாள்: “தோத்தது எனக்குக் கவலைதான். தடி தந்ததுக்குக் கவலையில்லை.”

அதுவரைக்கும் நல்லது செய்கிறவர்கள் எதையும் இழப்பதில்லை, இழந்தாலும் அவர்களுக்கு வலிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எனக்காக நடிக்கவும் இல்லை. பள்ளிக்கூடம் முடிந்த பிறகு அவள் எங்கே போனாள் என்று எனக்குத் தெரியாது. நான் ஆசிரியையாகி எத்தனையோ பிள்ளைகளுக்கு ஹொக்கி சொல்லிக்கொடுத்துவிட்டேன், இடக்கைப் பிள்ளை யாராவது வந்தால் அவளைத்தான் முதலில் கூப்பிட்டு மேல் கையைக் காட்டுவேன். ஆனால் தடி தந்தவள் எனக்குக் கற்றுத்தந்தது அந்தப் பிடியை மட்டுமல்ல. இன்றைக்கும் யாருக்காவது ஒன்றைக் கொடுக்க நினைத்தால், இதனாலேயே நான் தோற்றுப்போனால் கொடுத்ததற்காகக் கவலைப்படுவேனா என்று என்னையே ஒரு தடவை கேட்டுப் பார்க்கிறேன். மனம் உடனே ‘இல்லை’ என்று சொல்லாதபோதெல்லாம், அவள் அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை என்று தெரிந்துகொள்கிறேன்.